செல்போனில் ஆங்கிலப் பாடம்: நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் திரும்பச் செலுத்துதல், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசிப் பொருளாக "பிள்ளைகளின் ஆங்கிலம்" என்று எழுதியிருக்கிறது. இதைக் கூட்டமைப்பில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் உள்கடனுக்குக் காரணம் மருத்துவச் செலவு, ஆடு வாங்க, வீடு ஓடு மாற்ற என்று இருக்கும். இப்போது "ஆங்கில வகுப்புக் கட்டணம்" என்று புதிதாக ஒரு வரி வருகிறது. பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்குவது தவறே இல்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் அல்லவா?

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அக்கா 12,000 ரூபாய் கடன் கேட்டார். மகள் ஐந்தாம் வகுப்பு. அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பெரிய அளவில் தொடங்கப்பட்டன. ஆறாம் வகுப்பில் மகளை அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. போனில் ஒரு விளம்பரம் வந்தது. கூப்பிட்டால், "இன்னைக்கே கட்டினா பாதி விலை, நாளைக்கு விலை ஏறிடும்" என்றார்களாம். குழுவில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அந்தப் பாடத்தை ஒரு தடவையாவது போட்டுப் பாத்தியா?" அதற்கு அக்கா சொன்ன பதில்: "பாத்தா மட்டும் எனக்குப் புரியவா போகுது? எனக்கே தெரியாத இங்கிலீஷை நான் எப்படி நல்லது கெட்டதுன்னு பாக்குறது?"

இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததும் இதற்கான பதில்தான். ஆங்கிலம் தெரியாத தாயும் ஆங்கிலப் பாடத்தைத் தரம் பார்க்க முடியும். நமக்கு நெசவு தெரியாது. ஆனாலும் சேலை எடுக்கும்போது விரித்துப் பார்க்கிறோம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். அதே போலத்தான் இதுவும்.

முதலில், ஆங்கிலம் கற்க போன் எதற்கு உதவும் என்று தெரிந்துகொள்வோம்.

தமிழில் "பல்" என்று சொல்லிப் பாருங்கள். "அம்பு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எழுத்து, ஆனால் சத்தம் வேறு. ஆங்கிலத்தில் இந்த இரண்டு சத்தங்களுக்கும் இரண்டு தனி எழுத்துகள். அந்த எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "பி"தான்! பன்றிக்கு ஆங்கிலத்தில் "பிக்", பெரியதற்கும் "பிக்", பொறுக்கி எடு என்பதற்கும் "பிக்". தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றும் வேறு சத்தம், வேறு எழுத்து. கடையில் விற்கும் "முப்பது நாளில் ஆங்கிலம்" போன்ற புத்தகங்களைத் தமிழ் எழுத்தில் மனப்பாடம் செய்யும் பிள்ளை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. காதால் கேட்டால்தான் வித்தியாசம் புரியும். அந்தக் காதுப் பாடத்தைத்தான் போன் தருகிறது. ஒரே சொல்லை நூறு தடவை கேட்டாலும் போன் சலித்துக்கொள்ளாது.

இப்போது தரம் பார்க்கும் முறைக்கு வருவோம். ஐந்து கேள்விகள். குறித்துக்கொள்ளுங்கள்.

1. சத்தமும் எழுத்தும் சேர்ந்து வருகிறதா?
பாட்டு ஓடுகிறது, பொம்மை ஆடுகிறது, எழுத்தே இல்லை என்றால் பிள்ளை பாட்டைப் பாடுமே தவிர, சொல்லைப் படிக்காது. சொல்லும்போதே அந்தச் சொல் திரையில் நிறம் மாறி வந்தால் கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்யும். பிரிஜ் கோத்தாரி என்பவர் தொலைக்காட்சிப் பாடல்களுக்கு அதே மொழியில் எழுத்து ஓடவிட்டு, அதனால் மக்களின் வாசிப்பு வளரும் என்று 1990களிலிருந்து சொல்லி வருகிறார். அந்த யோசனைதான் இது.

2. பிள்ளையின் படிக்கு ஏற்றதா?
ஒரு பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்குக் கடினம். ஒன்றுமே மடங்கவில்லை என்றால் மிக எளிது. இரண்டு, மூன்று விரல் மடங்கினால் சரியான படி. இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டுமா? எண்ணத் தெரிந்தால் போதும்.

3. பிள்ளை வாய் திறக்கிறதா?
பத்து நிமிடம் கழித்துப் போனைக் கவிழ்த்து வையுங்கள். "என்ன பாத்த? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கதையைத் தமிழில் சொல்லி, அதில் மூன்று ஆங்கிலச் சொல்லாவது சொன்னால் அந்தப் பாடம் வேலை செய்கிறது. "ஒண்ணுமில்லம்மா, இன்னொண்ணு போடு" என்றால் அது வெறும் வேடிக்கை.

4. நம்மிடம் என்ன கேட்கிறது?
நல்ல பாடம் பிள்ளையிடம் கேள்வி கேட்கும். மோசமான பாடம் நம்மிடம் போன் நம்பர், வங்கிக் கணக்கு, ஓடிபி கேட்கும். நடுநடுவே விளம்பரம் வந்து, பிள்ளை தெரியாமல் தொட்டு வேறு எங்கோ போய்விடுகிறதா என்றும் பாருங்கள்.

5. யார் தயாரித்தது?
எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட்டம் அதிகமுள்ள கடையில் எல்லாச் சரக்கும் நல்ல சரக்கு என்று சொல்ல முடியுமா?

சரி, எங்கே தேடுவது? காசில்லாமல் கிடைப்பதையே சொல்கிறேன்.

முதலில் பிள்ளையின் பைக்குள் தேடுங்கள். 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளின் பாடநூல்களில் கட்டம் கட்டமாகக் கறுப்புச் சதுரம் அச்சிட்டு வந்தது. அதுதான் க்யூ.ஆர். கோடு. பிறகு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. "தீக்‌ஷா" என்ற அரசுச் செயலியை இறக்கிக்கொண்டு, அந்தச் சதுரத்துக்கு நேரே போனைக் காட்டினால் பாடத்துக்கான காணொலியும் பயிற்சியும் வரும். ஏதாவது ஒரு சதுரம் திறக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். மைக் படத்தைத் தொட்டு, வகுப்பு, "தமிழ்நாடு", "ஆங்கிலம்", பாடத்தின் பெயர் ஆகிய நான்கையும் சொல்லித் தேடுங்கள். "தமிழ்நாடு" என்று சொல்லாவிட்டால் வேறு பாடத்திட்டத்தின் பாடம் வந்து நிற்கும்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். ஆசிரியர் தமிழில் விளக்குவதால் நாமும் கூட உட்கார்ந்து புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கதைகள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" தளத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் படக்கதைகள் ஏராளம். நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான். பல கதைகள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. இலவசமாக இறக்கலாம், அச்செடுத்து மையத்தில் வைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. "புக்பாக்ஸ்" காணொலிக் கதைகளில் சொல்லும்போதே எழுத்து நிறம் மாறும்.

மூன்றாவது, சின்னப் பிள்ளைகளின் பாட்டு, விளையாட்டுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் "லேர்ன் இங்கிலீஷ் கிட்ஸ்". கல்லூரி போகும் பெண்பிள்ளைகளுக்கு "பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்". பிபிசி 1943 முதல் வானொலி வழியாக ஆங்கிலம் கற்றுத் தந்த நிறுவனம். அதில் ஆறு நிமிடப் பேச்சுப் பாடம் ஒன்று உண்டு. எழுத்து வடிவமும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகாது. விரல் சோதனையை மறக்காதீர்கள்.

சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் பார்க்கலாம், ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கலாம். ஒரு சொல்லுக்கு அது உதவும். நீளமான வாக்கியத்தை அப்படியே நம்ப வேண்டாம், சில நேரம் பொருள் மாறிவிடும். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அப்படித்தான். பயிற்சி வாக்கியம் கேட்டு வாங்கலாம். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

இனி, வீட்டிலும் மையத்திலும் இதை எப்படி நடத்துவது? ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கதை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம்.

முதல் நாள் கதையை நீங்கள் தமிழில் படித்துக் காட்டுங்கள். இதுதான் தாயின் வேலை, இதைப் போன் செய்யாது. கதை மனதில் ஏறிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பாதிச் சொல் தானே புரியும். அடுத்த இரண்டு நாள் ஆங்கிலத்தில் கேட்டு, எழுத்தின் மேல் விரல் வைத்துக் கூடவே சொல்ல வேண்டும். நான்காம் நாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையே படிக்க வேண்டும். ஐந்தாம் நாள் கதையிலிருந்து ஐந்து சொல்லை எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து வீட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எங்கள் ஆடு, எங்கள் கிணறு என்று.

மையத்தில் ஒரு போன், பன்னிரண்டு பிள்ளைகள். சத்தம் கேட்காது என்கிறீர்கள். காலி எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போனை வைத்துப் பாருங்கள், சத்தம் கூடும். டேட்டா தீர்ந்துவிடும் என்பவர்கள், வாரம் ஒரு முறை கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரும்போது இறக்கிக்கொண்டு போங்கள்.

கடன் கேட்ட அந்த அக்காவின் குழு என்ன செய்தது தெரியுமா? கடனை மறுக்கவில்லை. "ரெண்டு மாசம் இலவசமா இருக்கறதப் போட்டுப் பாரு. அப்புறமும் வேணும்னா நாங்களே தர்றோம்" என்று தீர்மானம் எழுதினார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளவில்லை. அப்படி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் முதல் படிக் கதையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டாம் படிக் கதையைத் தானே படிக்கிறது. அம்மா இப்போது பள்ளிக்குப் போய், "டீச்சர், இவளுக்குப் படிக்க வருது, பேசத்தான் கூச்சப்படுறா. வகுப்புல ஒரு வாய்ப்புக் குடுங்க" என்று கேட்கிறார். முன்பு அவர் டீச்சரிடம் கேட்ட கேள்வி, "எம்பொண்ணு நல்லாப் படிக்குதா?" என்பது மட்டும்தான். இந்த மாற்றம் சின்ன மாற்றமா? சிந்தித்துப் பாருங்கள்.

பணம் கட்டிச் சேர்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இலவசமாக இரண்டு வகுப்பு பார்க்கலாமா? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, அதை எழுத்தில் தருவார்களா? தவணை என்று சொல்லி நம் பெயரில் எங்காவது கடன் போடுகிறார்களா? "இன்னைக்கே கட்டணும்" என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குக் கட்டவே கட்டாதீர்கள். "குழுவில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிப் போனை வையுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இணைய மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு மையமும் ஒரு நோட்டு போடுங்கள். போட்டுப் பார்த்த பாடத்தின் பெயர், எந்த வகுப்புப் பிள்ளை, எத்தனை விரல் மடங்கியது, வாய் திறந்ததா என்று நான்கு கட்டம். நன்றாக இல்லாததையும் எழுதுங்கள், அடுத்த ஊர்க்காரிக்கு நேரம் மிச்சம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். எல்லா நோட்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, இந்தச் செய்தி மடலில் போடுவோம். எந்த நிறுவனத்தின் விளம்பரத்தையும்விட அந்தப் பட்டியல் நமக்கு நம்பகமானது. ஏனென்றால் அது நம் பிள்ளைகளை வைத்து, நம் கையால் சோதித்துப் பார்த்தது.