கல்ச்சருக்கு அனுப்பியாச்சா?
(வத்தல்மலை சுற்றுலாவில் நம் சங்க உறுப்பினர்களிடம் பேசியது)

சாப்பாட்டுக்கு முன் ஐந்தே நிமிடம்.

வீட்டுப் பெரியவர் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிறார். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். சிறுநீர் டியூப் வழியாகவோ ஊசி போட்ட இடம் வழியாகவோ ஆஸ்பத்திரிக் கிருமி புகுந்திருக்கலாம். உடனே கேளுங்கள்: "டாக்டர், கல்ச்சருக்கு அனுப்பியாச்சா?" ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன் எடுத்த ரத்தம்தான் நல்லது. பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

லேபில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்பார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழும். வட்டத்தை அளந்து எழுதுவார்கள்: 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. இரண்டு மூன்று நாளாகும். அதுவரை டாக்டர் அனுமானமாகத்தான் மருந்து கொடுப்பார். ரிப்போர்ட் பார்த்து மருந்தை மாற்றினால் சண்டைக்குப் போகாதீர்கள், அதற்குத்தானே டெஸ்ட்!

2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் லான்செட் குழும இதழில் எழுதினார்கள். கார்பபெனெம் எனும் வலுவான மருந்தையே உடைக்கும் என்.டி.எம்.-1 நொதி, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில். பெயரில் டெல்லி வந்ததற்குத்தான் அன்று பெரிய ரகளை!

இந்த மலைக்காரர்கள் பெரிய டெஸ்ட்டுக்குத் தருமபுரி இறங்க வேண்டும். நமக்கு லேப் தெருமுனையில். டிஸ்சார்ஜ் ஆகும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கி ஃபைலில் வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் அதை நீட்டுங்கள்.