ஆட்டம் முடிந்த மைதானத்துக்கு வைகாசி வேலை

நெல்லுக்கும் தென்னைக்கும் யோசனை சொல்கிற நேரத்தில் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது பையன்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். இது முழுக்க மண், தண்ணீர், புல் சம்பந்தப்பட்ட வேலை. அந்த மூன்றும் பையன்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆய்க்குடி, தென்காசிப் பக்கத்தில் பிசான அறுவடை முடிந்தால் காய்ந்த தரை கண்ட இடத்திலெல்லாம் ஸ்டம்பு நட்டுவிடுகிறார்கள். வைகாசி வரைக்கும் ஆட்டம்தான். ஆனி பிறந்து குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்த்ததும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மைதானத்தைக் கேட்பாரில்லை. குழியில் தண்ணீர் தேங்கும், மாடு மிதிக்கும், சீமைக் கருவேல் முளைக்கும். இரண்டு வருஷம் இப்படியே விட்டால் ஒருத்தர் வைக்கோல் படப்பு போடுவார், இன்னொருத்தர் வேலி போடுவார். அப்புறம் பையன்கள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ரோட்டில் ஆடுவார்கள். மைதானம் மிஞ்சினாலும், மேடு பள்ளமான தரையில் குத்தி எழும்புகிற பந்து பல்லையும் கண்ணையும் பார்த்து வருவதில்லை.

முதலில் ஆடுகளம். பையன்கள் பிட்ச் என்பார்கள். 66 அடி நீளம், 10 அடி அகலம். அதாவது ஒன்றரை சென்டு நிலம். இந்த ஒன்றரை சென்டில் நீங்கள் வயலில் செய்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். வயல் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். இங்கே மண் இறுகிப் பாறை மாதிரி ஆக வேண்டும். ஆகவே எந்தக் காரணத்தைக் கொண்டும் இதில் தொழு உரம் போடாதீர்கள். சாணம் போட்டால் மண் மெத்தென்று ஆகிவிடும், மண்புழு வந்து துளைக்கும், பந்து எழும்பாது. நல்ல மனசோடு இரண்டு கூடை எரு கொட்டிக் களத்தைக் கெடுக்கிறவர்கள் உண்டு.

வேலையை வைகாசிக் கடைசியில், சாரலுக்கு முன்னால் ஆரம்பியுங்கள். இங்கிலாந்தில் செப்டம்பரில் ஆட்டம் முடிகிறது. அங்கே குளிர் வருவதற்குள் புல்லைப் பிடிக்கவைக்க ஓடுகிறார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை. அருகுக்கு வெயிலும் வேண்டும், ஈரமும் வேண்டும். சாரல் காலத்தில் இரண்டும் மாறி மாறிக் கிடைக்கிறது. காசில்லாமல் கிடைக்கிற பாசனத்தை எதற்காக விட வேண்டும்?

களத்தில் உள்ள புல்லை ஒட்ட அறுத்து, தூசியையும் பொடிமண்ணையும் சுத்தமாகப் பெருக்கி வெளியே தள்ளுங்கள். பிறகு மாலை நேரத்தில் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டு, அரை அடி ஆழத்துக்கு ஊறவிடுங்கள். ஒரு குச்சியைக் குத்திப் பார்த்தால் ஊறினது தெரியும். மறுநாள் கால் வைத்தால் புதையாத பதம் வந்ததும், இரும்பு வாருகோலால் கால் அங்குல ஆழத்துக்கு நெடுக்கும் குறுக்கும் கீறிவிட்டு, செத்த புல்லையும் வேரையும் வாரி எடுங்கள்.

பந்து வீசுகிறவர் கால் ஊன்றும் இடத்தில் குழி விழுந்திருக்கும். பையன்கள் அதில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முதல் ஆட்டத்திலேயே அது தட்டு மாதிரி பெயர்ந்து வந்துவிடும். குழியைச் சதுரமாக வெட்டி, அடியையும் பக்கத்தையும் கீறி, ஈரமாக்கி, இரண்டு விரல்கடை மண் போட்டு திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேலே மறுபடி கீறி, மறுபடி மண் போட்டு இடிக்க வேண்டும். வரப்பில் உடைப்பு அடைக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை.

எந்த மண் போடுவது? இங்கேதான் சங்கதி இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண்ணில் மணல் அதிகம். தனியாக நிற்காது, புழுதியாகும். குளத்துக் கரம்பையில் களி அதிகம். கோவில்பட்டிக் கரிசலில் இன்னும் அதிகம், ஆனால் காய்ந்தால் கை நுழைகிற மாதிரி வெடிக்கும். சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் செம்மண் களமும் உண்டு, கரிசல் களமும் உண்டு. களிப்பு உள்ள செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும், கரிசலில் தாழ்ந்து மெதுவாக வரும் என்று ஆடுகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் களத்துக்கு ஒரே விதிதான்: அடியில் எந்த மண் இருக்கிறதோ அதே மண்ணை மேலேயும் போடுங்கள். வேறு மண் போட்டால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. நடுவில் பிரிந்து பத்தை பத்தையாகக் கிளம்பும். கரம்பை தேவைப்பட்டால் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டு, அனுமதியோடு எடுங்கள். ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு குளத்துக்குப் போக வேண்டாம்.

மண்ணைச் சோதிக்க மிஷின் வேண்டாம். ஈர மண்ணைப் பிசைந்து எலுமிச்சம்பழம் அளவு உருண்டையாக்கி, நிழலில் நாலைந்து நாள் காயவையுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்துக் காலால் மிதியுங்கள். லேசாக மிதித்ததும் பொடிந்தால் அந்த மண் உதவாது. ஆள் முழுப்பாரம் போட்டு ஏறி நின்றால்தான் உடைகிறது என்றால் அதுதான் நீங்கள் தேடுகிற மண்.

சலித்த மண்ணைக் கால் அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். மொத்தக் களத்துக்கும் 14 கன அடி போதும். நீளமான நேர்ப் பலகையை இழுத்து மட்டம் பார்த்து, புல் இல்லாத இடத்தில் அருகை நடுங்கள். ஆமாம், நீங்கள் ஆயுள் முழுக்கக் கொத்தி எறிகிற அதே அருகம்புல்தான். நம் நாட்டு மைதானங்களில் அதற்குத்தான் முதல் மரியாதை. பெர்முடா புல் என்ற பெயரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! அதன் வேர்தான் களத்து மண்ணைப் பிடித்துக் கட்டுகிறது. ஊறிய தண்ணீரை உறிஞ்சி ஆழம் வரை உலர்த்துவதும் அதுதான். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் நட்டு, பச்சை பிடித்ததும் 600 கிராம் யூரியா தூவித் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம்.

இனி, சுற்றியுள்ள வெளி மைதானம். இங்கே மக்கிய எரு தாராளமாகப் போடலாம். ஆனால் கிடை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கருவேல் நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை அப்படியே வரும். அடுத்த மழைக்கு மைதானம் முள்காடு. நெருஞ்சியைக் காய் முற்றுமுன் பிடுங்குங்கள், கோரையைக் கிழங்கோடு எடுங்கள். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து, 100 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்காது. சுற்றி ஒரு சிறு வாய்க்கால் போதும். அதையும் ஒரு பக்கம் மூடி வழி விடுங்கள். 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிற ஊர் ஆய்க்குடி. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைகளும் மைதானத்துக்குள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

சிமெண்டுத் தளத்தில் விரிப்புப் போட்டு ஆடுகிற ஊர்களில் வேலை குறைவு. விரிப்பை நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, தரையில் படாமல் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கறையான் தின்றுவிடும். தளத்து விரிசலை மழைக்கு முன் பூசிவிடுங்கள். குளத்துக்குள் ஆடுகிறவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கே மண்ணை மேடாக்குவதும் கூடாது, தளம் போடுவதும் கூடாது. குளம் தண்ணீருக்கு.

அறுத்த வயலில் பையன்களை ஆட விட்ட பெரிய மனசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடின இடம் மட்டும் இறுகிப்போய் ஏர் பிடிக்காது, நாற்று அங்கே மஞ்சளித்து நிற்கும். கோடை மழை ஈரத்தில் அந்த இடத்தை மட்டும் முதலில் ஆழமாக உழுது, எரு போட்டு, மறுபடி குறுக்கே உழுதுவிடுங்கள். அந்த எருவைச் சுமக்கிற வேலையை ஆடினவர்களிடமே கொடுங்கள். நியாயம்தானே?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். பிறகு தன் ஊரிலேயே மைதானம் அமைத்தார். 2023 ஜூன் மாதம் அது திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். வருஷா வருஷம் வைகாசியில் மம்பட்டி எடுத்து வர நாலு பேர் கிடைப்பதுதான் சிரமம்.

மழைக் காலத்தில் ஈரக் களத்தில் மாடு ஏறாமல் நாலு பக்கமும் முள் அடைத்து வையுங்கள். மார்கழிக் கடைசியில் புல்லை அறுத்து உருளை ஓட்டலாம். எடுத்த எடுப்பில் கனமான உருளையைக் கொண்டுவராதீர்கள். முதலில் லேசானது, பிறகு கனமானது. கட்டை விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஒட்டினால் இன்னும் ஒரு நாள் காயவிடுங்கள்.