அட்டைப்பெட்டியில் ஓர் இரவு



ஐஸ்லாந்து நாட்டின் தென்கரைக்கு அப்பால் ஹெய்மே என்றொரு சிறு தீவு. அங்கே பஃபின் எனும் கடற்பறவை, புல்மேட்டு வளைகளில் ஒரே ஒரு குஞ்சைப் பொரிக்கிறது. ஆகஸ்ட் இறுதியில், வளர்ந்த குஞ்சு இரவில் தனியே கடலுக்குப் புறப்படும். வெளிச்சமான பக்கமே கடல் என்பது அதன் கணக்கு. ஊர் விளக்குகள் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகின்றன. தெருவில் இறங்கிய குஞ்சால் தரையிலிருந்து எளிதில் எழும்ப முடியாது. பூனைக்கோ காருக்கோ இரையாகும்.

ஆகவே அந்த வாரங்களில் பிள்ளைகள் கைவிளக்கும் அட்டைப்பெட்டியுமாக நள்ளிரவிலும் தெருத்தெருவாக அலைகிறார்கள். (நம் வீடுகளில் விடுவோமா?) கிடைத்த குஞ்சை இரவு வீட்டில் வைத்திருந்து, மறுநாள் கடலோரப் பாறையிலிருந்து பறக்கவிடுகிறார்கள்.

இந்தப் பறவையை வலைவீசிப் பிடித்து உண்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். இதை முரண் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தையில் காசுக்கு விற்ற சிட்டுக்குருவியையும் தந்தை மறப்பதில்லை என்றுதானே ஆண்டவர் சொன்னார்!

பறந்துபோன குஞ்சு கரைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். தன்னைத் தூக்கிவிட்ட பிள்ளையை அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளையோ அடுத்த ஆகஸ்டிலும் பெட்டி தேடுகிறது.