விழிஞம் பாறைச் சிப்பி

திருவனந்தபுரம் ஆரியசாலைக்குத் தெற்கே உள்ள கோவளம், விழிஞம் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பது பழைய தொழில். வட கேரளத்தில் கிடைப்பது பெரும்பாலும் பச்சைச் சிப்பி. கொல்லத்திலிருந்து குமரி வரை பழுப்புச் சிப்பி. ஆய்வாளர்கள் குரியாக்கோசும் நாயரும் 1976இல் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள இனமே இதுவும் என்போர் இன்று உண்டு.

சிப்பி தன் உடலில் சுரக்கும் நார்களால் பாறையைப் பற்றிக்கொள்கிறது. கையால் இழுத்தால் வராது. கண்ணாடி மாட்டி மூழ்குபவர் இரும்பு உளியால் நெம்பி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுவார். அலை பாறையில் மோதும் இடத்தில்தான் சிப்பி செழிக்கிறது, ஆபத்தும் அங்கேதான். மழைக்காலக் கடல் கொந்தளிப்பு அடங்கிய பின்பே அறுவடை சூடுபிடிக்கும்.

கரையிலேயே கல் கூட்டித் தீ மூட்டி வேகவைக்கலாம்; தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மூடி வைத்த சட்டியில் சிப்பி தன் நீரிலேயே வெந்து வாய் திறக்கும். திறக்காததை எறிந்துவிட வேண்டும். உள்ளே சதை செம்மஞ்சளாக இருந்தால் பெண், வெளிர்நிறமானால் ஆண். நாரைப் பிய்த்தெடுத்து, மிளகாய், மஞ்சள், உப்புப் பிசறி, தேங்காயெண்ணெயில் பொரிக்கிறார்கள். அதிக நேரம் விட்டால் ரப்பர்தான்.