குமுதினிக்கு ஒரு மண்டபம்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் முருகைக்கல் வேலிகளையும் மட்டக்குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் ஒல்லாந்தர் விட்டுப்போன புறாக்கூட்டையும் தேடிப் போகிறார்கள். மாவலி இறங்குதுறையில் காலடி வைத்ததும் அவர்கள் முதலில் கடந்து போவது ஒரு நினைவுத் தூபியை. பலர் நின்று பார்ப்பதில்லை. அந்தத் தூபியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1985 மே 15, புதன்கிழமை. காலை ஏழு மணி கடந்த வேளையில் குமுதினி என்ற படகு நெடுந்தீவிலிருந்து புறப்பட்டது. தீவையும் வெளியுலகையும் இணைத்த பயணிகள் படகு அது. ஆசுபத்திரிக்குப் போகிறவர், யாழ்ப்பாணத்தில் அலுவல் பார்க்கிறவர், உறவினரைப் பார்க்கப் போகிறவர், கைக்குழந்தையோடு தாய் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இடைப்பட்ட கடலில் கண்ணாடியிழைப் படகொன்றில் வந்தவர்கள் குமுதினியை மறித்து ஏறினார்கள். பயணிகளைக் கீழ்த்தட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக அழைத்துக் கத்தியாலும் வாளாலும் கோடரியாலும் வெட்டினார்கள். பெயரையும் வயதையும் முகவரியையும் எங்கே போகிறோம் என்பதையும் உரத்துச் சொல்லும்படி கட்டளையிட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். வெட்டுப்படுகிறவர்களின் அலறல் கீழே இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்கத்தான் அந்தக் கட்டளை.

வந்தவர்கள் இலங்கைக் கடற்படையினர் என்பது தப்பியவர்களின் சாட்சியம். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. இன்றுவரை இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. குமுதினிக்கு முதல் நாள், மே 14 அன்று, அனுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைக் கொன்றிருந்தார்கள். கோயிலுக்குப் போனவர்களும் பஸ் நிலையத்தில் நின்றவர்களுமாக அந்த மக்களும் வழிப்போக்கர்களே. இரண்டையும் சேர்த்து நினைக்கும் மனம் நமக்கு வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஓர் ஊரின் பிணத்தைக் காட்டி இன்னோர் ஊரின் பிணத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

குமுதினியில் இறந்தவர்கள் எத்தனை பேர்? சர்வதேச மன்னிப்புச் சபை குறைந்தது 23 பேர் என்று பதிவு செய்தது. ஊரில் 33 என்கிறார்கள், 36 என்றும் சொல்கிறார்கள். தன் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்தவர்களின் தொகை இன்னும் இப்படி வேறுபட்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆண்டுதோறும் மே 15 அன்று ஊர் மக்கள் அந்தத் தூபியின் முன்னால் கூடி விளக்கேற்றி மலர் வைக்கிறார்கள். கடலிலும் மலர் தூவுகிறார்கள். குமுதினியும் அந்தத் துயரோடு ஒதுங்கிவிடவில்லை. அதே கடலில், அதே மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. பழுதாகித் திருத்தப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது. உறவினரை அதில் பறிகொடுத்தவர்களும் அதிலேயே ஏறிப் போனார்கள். வேறு வழி என்ன இருந்தது அவர்களுக்கு?

தீவுப்பகுதியில் வேறு நினைவிடங்களும் உண்டு. ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையில் 1992 ஆகஸ்ட் 8 அன்று கண்ணிவெடியில் இறந்த இராணுவ மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவுக்கும் அவருடன் இறந்த அதிகாரிகளுக்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைப் பேண ஓர் அரசும் ஒரு படையும் இருக்கின்றன. குமுதினித் தூபியைப் பேண ஊர் மட்டுமே இருக்கிறது. அல்லைப்பிட்டியில் 2006 மே மாதம் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை நினைப்பவர்களும் அந்த ஊரவர்களே.

உலகின் வேறு இடங்களில் கிராமங்கள் தங்கள் போர்த் துயரை எப்படி வைத்துக்கொண்டன என்று பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படும். முதலாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் ஊர் ஊராக ஒரு வாதம் நடந்தது. இறந்தவர்களுக்குக் கல்தூண் நடுவதா, ஊரார் கூடும் மண்டபம் கட்டுவதா? பல கிராமங்கள் மண்டபத்தைத் தேர்ந்தன. கூட்டம், கலியாணம், நூலகம், நடனம் எல்லாம் அங்கே நடந்தன. சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்து அரசு, ஊரவர்கள் திரட்டும் ஒவ்வொரு பவுணுக்கும் தானும் ஒரு பவுண் கொடுத்தது. அங்கே நாட்டுப்புறத்தில் எழுந்த நினைவு மண்டபங்கள் நூற்றுக்கணக்கானவை.

இது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்த கர்ப்பிணிக்காகத் தெருவோரத்தில் சுமைதாங்கி கட்டியது நம் வழக்கம். தலைச்சுமையோடு வெயிலில் வருகிறவள் சுமையை அதில் இறக்கி வைத்து ஆறுவாள். பக்கத்தில் கிணறு இருக்கும், மாடுகள் உடம்பைத் தேய்க்க ஆவுரோஞ்சிக் கல் இருக்கும், சில இடங்களில் மடமும் இருக்கும். பருத்தித்துறையின் தெருமூடி மடத்தில் இன்றும் தெரு மடத்துக்குள்ளாகவே போகிறது. மழைக்கு ஒதுங்குகிறவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இறந்தவர் பெயரால் இருப்பவருக்கு நிழல் கொடுப்பது நம் முன்னோர் அறிந்த காரியம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளில் நாம் எழுப்பியவற்றில் பெரும்பாலானவை தூண்கள்தாம். அதற்குக் காரணமும் உண்டு. மண்டபத்துக்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், அனுமதி வேண்டும். தூணுக்கு இவை குறைவு. ஆனாலும் ஆண்டில் ஒரு நாள் மட்டும் ஆட்கள் வரும் தூண், மற்ற நாட்களில் பிள்ளைகளின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நெடுந்தீவில் இறங்குதுறை என்பது காத்திருக்கும் இடம். படகு வரும்வரை நோயாளியும் கர்ப்பிணியும் ஆசிரியரும் பிள்ளைகளும் அங்கே நிற்கிறார்கள். காற்று பலத்தால் படகு வராமலும் போகும். அந்தத் தூபிக்கு அருகே, கடல் பார்த்த ஒரு மண்டபம் எழட்டும். குடிக்க நல்ல தண்ணீர், முதியவர் சாய வாங்கு, உவர்க்காற்றைத் தாங்கும் கூரை இருக்கட்டும். சுவரில் குமுதினியில் இறந்தவர்களின் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டிருக்கட்டும். குமுதினிப் படகும் சேவையை விட்டு முழுதாக ஓய்வுபெறும் நாளில் உடைபட்டுப் போகாமல் அந்த மண்டபத்தின் பக்கத்துக்கே வந்து சேரட்டும்.

மண்டபத்துக்குக் காலம் எடுக்கும். பெயர்ப் பட்டியலுக்குக் காலம் தாழ்த்த முடியாது. அன்று இருபது வயதில் தப்பியவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. நெடுந்தீவிலும் வவுனியாவிலும் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் நெடுந்தீவு மக்களே, உங்கள் வீட்டில் யார் அந்தப் படகில் ஏறினார்கள், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்பதைப் பெயரோடும் வயதோடும் எழுதுங்கள். படம் இருந்தால் இணையுங்கள். ஊர்ப் பாடசாலைக்கோ உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ இந்த ஆண்டே கொடுங்கள்.