அம்பாசடர் எஞ்சினும் அரைக்குடம் தண்ணீரும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



என்னைப் பேச அழைத்தபோது, "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க சார்" என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு எஞ்சின்தான். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறதே, அந்த 1976-ஆம் வருட அம்பாசடர் மார்க் 3. அப்பா அதை 1979-இல் பழைய வண்டியாக வாங்கி வாடகைக்கு ஓட்டினார். நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்ததே அந்த வண்டியின் சம்பாத்தியத்தில்தான்.

முதலில் எஞ்சின் விவரம். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 'பி சீரிஸ்' பெட்ரோல் எஞ்சின் இது. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1489 சி.சி. வரும். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கூட இதைவிட அதிகம் தரும். ஆனால் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கிராங்க் ஷாப்டைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங். வேகத்துக்கு ஆசைப்படாமல் ஓட்டினால் பல காலம் உழைக்கும்.

தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக் இடைவெளி 25 தௌ, அதாவது ஆயிரத்தில் 25 அங்குலம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ, டேப்பட்டும் எஞ்சின் சூட்டில் 15 தௌ. டேப்பட் வைக்க அப்பா சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரணும். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். இந்தக் கணக்கில் தப்பு விட்டு நான் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. நம் கரைக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது: உப்பு. காரைக்குடி சிக்ரி நிறுவனம், உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அளந்திருக்கிறது. 1914-ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலமே இந்த அரிப்போடு போராடி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாகி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால் பாயிண்ட் முனையும் பாட்டரி டெர்மினலும் எம்மாத்திரம்?

காற்றிலே மட்டுமா உப்பு? கிணற்றிலும் இருந்தது. ராமநாதபுரம் வீடுகளில் அப்போது இரண்டு வகைத் தண்ணீர். புழங்க உப்புத் தண்ணி, குடிக்க ஊருணியிலிருந்து நல்ல தண்ணி. ரேடியேட்டருக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். "பிள்ளைக குடிக்கவே பத்தல, காருக்கு அரைக்குடமா?" என்று அம்மா தினமும் சண்டை. நியாயந்தானே? அதைச் சுமந்து வந்தது அம்மா.

1981-இல் நான் இரண்டாம் ஆண்டு. காலையில் வண்டியைத் துடைத்துத் தண்ணீர் பார்ப்பது என் வேலை. ஊருணிக்குப் போகச் சோம்பல்; அம்மாவிடம் பேச்சு வாங்கவும் மனமில்லை. வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணியையே ஊற்றிவந்தேன். நான்கைந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை.

இயற்பியல் மாணவன் செய்கிற காரியமா இது? ரேடியேட்டரிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். தினமும் ஊற்ற ஊற்ற அது கெட்டியாகிக்கொண்டே போகும். குழாய்களில் ஏடு படியும். உப்பு பட்ட இரும்பு துருப்பிடித்து, சேறாகி பிளாக்கின் பின்பக்கம், நாலாவது சிலிண்டர் ஓரமாகப் போய் உட்காரும். அங்கே தண்ணீர் ஓடாது, சூடு இறங்காது.

சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தது. அதற்குமுன் மண்டபம் வரைதான் கார், அப்புறம் ரயில். ஒருநாள் மாலை மண்டபத்தில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணையும் அவர் தாயாரையும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நான் முன் சீட்டில். உச்சிப்புளி தாண்டியதும் எஞ்சின் திணறியது. அப்பா பெட்ரோல் பம்பில் ஈரத்துணி போட்டார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அதுதான் வைத்தியம். அதற்கும் கேட்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் மாதிரி இருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அந்தப் பெண் ரோட்டோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அரைமணி நேரம் கழித்து வந்த ஒரு உப்பு லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் சேதி வந்த பிறகுதான் அப்பா சாப்பிட்டார்.

ஹெட் வளைந்திருந்தது. மதுரையில் லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தோம். அம்மாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டு வரவில்லை; கம்பியை விட்டுக் குத்தியதும் செம்மண் மாதிரி கொட்டியது. அப்பா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் முதல் குடத்தை அவரே எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார். நானும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. இன்று உங்களிடம்தான் சொல்கிறேன்.

இப்போது கேன் தண்ணீர், கூலண்ட் எல்லாம் தாராளம். தொல்லை வேறு பக்கம் வந்திருக்கிறது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதும், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டேன். இல்லாவிட்டால் பழைய வார்ப்பிரும்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. பம்ப் டயாப்ரம், ஹோஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்காற்றில் மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோலை வைத்திருக்கக் கூடாது. வாரம் ஒருமுறையாவது பத்து மைல் ஓட்டிவிடுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு வந்துவிட்டது. போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். டெர்மினலுக்கு வாஸ்லின், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு உலர்ந்த துணி. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது. சாமான் தேடி மதுரைக்குத்தான் போகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்வமுள்ள மாணவர்கள் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், பானெட்டைத் திறந்து டேப்பட் வைத்துக் காட்டுகிறேன். ரேடியேட்டர் மூடியை மட்டும் நான் சொல்லும்வரை யாரும் தொட வேண்டாம். மண்டபத்திலிருந்து வெயிலில் ஓட்டிவந்திருக்கிறேன்.