நெஞ்சு ஆடுவதைப் பார்க்கும் வேலை



நான் சிங்கப்பூரில் சுவாச சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். சொன்னதும் "ஆஸ்துமாவுக்கா?" என்று கேட்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் என் நாட்களில் பெரும்பகுதி குறைமாதக் குழந்தைகளோடுதான் போகிறது.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற பொருள் இந்தக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சுரந்திருக்காது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் பிறந்த இரண்டே நாளில் இறந்தது இதனால்தான். இன்று மருந்தும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது.

சாதாரண வெண்டிலேட்டர் நிமிடத்துக்கு 40, 60 முறை மூச்சு கொடுக்கும். அதில் தேறாத குழந்தையை ஆஸிலேட்டருக்கு மாற்றுவோம். அது நுரையீரலை ஒரே அழுத்தத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 600 முதல் 900 முறை காற்றை அதிரவைக்கும். ஒரு கிலோ குழந்தைக்கு ஓர் அதிர்வில் போவது ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான். மூச்சை எண்ண முடியாது. நெஞ்சு ஏறி இறங்காமல் தொப்புள் வரை ஆடிக்கொண்டே இருக்கும். இதயத்தை ஸ்டெதஸ்கோப்பில் கேட்கக் கருவியைச் சில நொடி நிறுத்த வேண்டும்.

புதிதில் நான் தடுமாறியது வேறொன்றில். சாதாரணக் கருவியில் வேகத்தைக் கூட்டினால் கரியமில வாயு அதிகம் வெளியேறும். இதில் வேகத்தைக் குறைத்தால்தான் அதிர்வின் வீச்சு பெரிதாகி, அதிகம் வெளியேறும். அளவு மீறினாலோ மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். 1989இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இம்முறையால் நுரையீரலுக்குக் கூடுதல் பயன் தெரியவில்லை; மூளையில் கடுமையான ரத்தக் கசிவுதான் கூடியிருந்தது. பிறகு பயன்படுத்தும் விதம் திருந்தியது. ஆனாலும் கருவியை நம்பி யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

ஒரு முறை, 900 கிராம் ஆண் குழந்தை. பார்க்க வந்த நன்னி, "தம்பி, புள்ளை குளிருல நடுங்குதே, போர்த்திவிடக் கூடாதா?" என்றார். "அது கருவி ஆட்டுறது நன்னி, சூடு மேலேயிருந்து வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்துத் திரும்பினால், கழுத்து வரை சின்னப் போர்வை.

விலக்கினேன். வலப்பக்கம் ஆடுகிறது. இடப்பக்கம் அசைவே இல்லை.

இரண்டரை மில்லிமீட்டர் குழாய் கொஞ்சம் உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்குள் போயிருந்தது. திரையில் ஆக்சிஜன் அப்போதுதான் சரியத் தொடங்கியிருந்தது. டாக்டரை அழைத்தேன். குழாயைப் பின்னுக்கு இழுத்ததும் இடப்பக்கமும் ஆடியது. எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்தோம். போர்வையால் குழாய் நகரவில்லை, நகர்ந்ததை அது மறைத்துவிட்டது, அவ்வளவுதான். நன்னியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நின்று ஒரு நிமிடம் விளக்காமல் போனவன் நான்.

அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடணும், அதைப் பார்த்துத்தான் நாங்க தெரிஞ்சுக்கிறோம்." மறுநாளிலிருந்து நான் வாயைத் திறக்குமுன் அவரே, "ரெண்டு பக்கமும் ஆடுது தம்பி" என்பார். பலமுறை தாதிக்கும் முந்திக்கொள்வார்.

ஏழாம் நாள் சாதாரணக் கருவிக்கு மாற்றினோம். நன்னி வந்து பார்த்துப் பதறிப்போனார். "ஐயோ, ஆட்டம் நின்னுபோச்சே!"

"இனிமே மூச்சு நன்னி. எண்ணிப் பாருங்க" என்றேன்.

குனிந்து, விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.